தொண்டைப் புண்ணும் இருதயமும்

பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிகிறோம். பயிரில் புழுவைக் கண்டால் அன்றே கவனிக்கிறோம். குழந்தையின் தொண்டை வலியை மட்டும் தானே போய்விடும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது போய்விடுவதும் உண்மையே. ஆயினும் ஒருவகைத் தொண்டைப் புண், ஆறிய பின்னர் இருதயத்தைக் கெடுக்க வல்லது.

நோய் உண்டாகும் விதம்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி, 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவரை மிகுதியும் பற்றும். நெருக்கமான வகுப்புகளிலும், ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளிலும் எளிதில் பரவும். தொழிற்சாலைகளை நாடிக் குடும்பங்கள் வந்து குவியும் வல்லக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் இதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். தொண்டை ஆறிய இரண்டு மூன்று வாரங்களில், கிருமியை எதிர்க்க எழுந்த உடற்சக்தியே சில குழந்தைகளின் மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி நீங்கிவிடும். இருதய வால்வுகளில் விழுந்த வடு நிலைத்துவிடலாம்.

வேலூர் காட்டும் பாடம்

2001-2002இல் வேலூர்ப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் 2,29,000க்கு மேற்பட்ட மாணவர்கள் சோதிக்கப்பட்டனர். ஆயிரத்துக்கு 0.68 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அஃதாவது, ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒருவர். நோய் குறைந்து வருவது மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

1. சளி, இருமல் இன்றிக் காய்ச்சலும், விழுங்கும்போது வலியும், கழுத்தில் நெறிக்கட்டும் தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் மருந்து கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் மருந்தை நிறுத்தலாகாது.

2. மூட்டுக்கு மூட்டு மாறும் வலி, மூச்சிளைப்பு, கைகால் தாமே ஆடுதல், திடீரெனக் கையெழுத்துக் குலைதல் ஆகியவற்றை ஆசிரியரும் பெற்றோரும் அசட்டை செய்யலாகாது.

3. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி, அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையைத் தவறாது அனுப்புக.

4. ஒருமுறை இக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கு 21 நாட்களுக்கொருமுறை பெனிசிலின் ஊசி வேண்டும். இருதயம் தாக்கப்பட்டிருந்தால் 25 வயது வரையிலோ, அதற்கு மேலுமோ அது தொடரும். பிள்ளை ஓடியாடுகிறதே என்று ஊசியை நிறுத்துவதே பெருங்கேடு.

ஊசி நாளில் ஒருநாள் கூலி போகும் என்பதை நாம் அறிவோம். ஆகவே அத்தகைய அங்கத்தினருக்கு அன்று வேலையை மாற்றித் தருவது சங்கத்தின் கடமையாகும். வால்வு பழுதுற்றபின் செய்யும் அறுவைச் சிகிச்சையை நோக்க, அந்த ஒருநாள் மிகச் சிறியதே.

வட்டக் கூட்டத்தில் ஆராய்க: நம் சங்கத்தில் ஊசி தொடரவேண்டிய குழந்தைகள் உளரா? அவர்களுடைய ஊசி நாளை நினைவூட்டும் பொறுப்பை யார் ஏற்பது?