கல்விக்கடன் நிலுவையும் தொலைபேசி அழைப்புகளும்

(ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

செஞ்சிக் கோட்டையை அறியாத தமிழர் இலர். இராஜகிரியையும் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காண வருவோர், ராஜா தேசிங்கின் வீரக் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. ஆனால் அவன் எதன்பொருட்டு மடிந்தான் என்று கேட்டால் நம்மில் பலர் "மானத்துக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். வரலாற்று நூல்களோ ஒரு நிலுவைக் கணக்கைக் காட்டுகின்றன. 1698-ல் முகலாயர் கைக்கு வந்த இக்கோட்டையைப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணைப்படி ஆண்டவர் சொரூப் சிங். அவர் ஆர்க்காட்டு நவாபுக்குச் செலுத்த வேண்டிய பணத்தில் பாக்கி வைத்துவிட்டு 1714-ல் காலமானார். நவாப் சாதத்துல்லாகான் அப்பாக்கியை மகன் தேசிங்கிடம் கேட்டார். பேரரசரின் ஆணை என்னிடம் இருக்கும்போது உமக்கு ஏன் தர வேண்டும் என்பது மகனின் வாதம். அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது, தேசிங்கு வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர்.

அது தந்தையின் நிலுவை மகனிடம் வந்த கதை. எங்கள் வீட்டில் மகனின் நிலுவை தந்தையிடம் வந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை எழுதுகிறேன். வீட்டுக் கதையைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். என் வகுப்பிலேயே இன்னும் நான்கு பேர் வீட்டில் இதே மணி ஒலிக்கிறது என்று அறிந்த பிறகு தயக்கம் போயிற்று.

என் தந்தை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. 2016-ல் என் அண்ணன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தான். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் தமிழக அரசு தரும் கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். அதை எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. ஒரு வங்கியில் கல்விக்கடன் வாங்கினோம். ஆண்டுக்கு 70,000 ரூபாய். அண்ணனும் அப்பாவும் கையொப்பமிட்டனர். இரண்டாம் ஆண்டு முடிவில் பதினொரு தாள்கள் அரியர் நின்றன. அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான். தேர்வு அரியர் அன்றோடு முடிந்தது. கடன் அரியர் அன்று தொடங்கிற்று.

ஈண்டுக் கல்விக்கடனின் தன்மையைச் சிறிது கூற வேண்டும். இன்று வங்கிகள் தரும் கல்விக்கடனுக்கு அடிப்படை, இந்திய வங்கிகள் சங்கம் வகுத்து 2001-ல் நடைமுறைக்கு வந்த மாதிரித் திட்டமாகும். நான்கு லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். படிக்கும் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டு, வட்டியும் இல்லை என்று எண்ணிவிடுவோர் மிகப் பலர். எங்கள் வீட்டாரும் அப்படித்தான் எண்ணினர். அக்காலத்திலும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அவ்வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. ஆயினும் உடல்நலக் காரணமின்றி இடையில் படிப்பை நிறுத்தியவருக்கு அது கிடைப்பதில்லை. தேறியவனுக்கு உதவி உண்டு, தோற்றவனுக்கு இல்லை என்னும் இவ்விதி எனக்கு உடன்பாடானதன்று. வேலை கிடைக்கும் வாய்ப்பு குறைந்தவன் தோற்றவனே அல்லவா?

நிற்க. 2025 ஜூன் மாதம் அழைப்புகள் பெருகின. அண்ணன் தன் எண்ணை மாற்றிவிட்டான். எனவே எல்லா அழைப்பும் அப்பாவுக்கே வந்தன, பின்னர் அம்மாவுக்கு, பின்னர், எங்கிருந்து எண் கிடைத்ததோ, பக்கத்து வீட்டு அத்தைக்கும் வந்தன. அப்பா செல்பேசியின் ஒலியை அடைத்துவிட்டார். அதனால் விற்பனைக்கூடத்து மேஸ்திரி விடியற்காலையில் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. லாரி வந்த நாள்களில் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. கடனைக் கட்டச் சொல்லி வந்த அழைப்பே கடன் கட்டும் கூலியைக் கெடுத்தது.

ஒரு நாள் அம்மாவிடம் பேசியவர், "பையன் கடனைக் கட்ட வக்கில்ல, பொண்ண மட்டும் காலேஜுக்கு அனுப்புறீங்களா? அதுக்கு மாசம் ஆயிரம் கவர்மெண்டுல வருதில்ல, அத இங்க போடச் சொல்லுங்க" என்றாராம். அவர் சொன்னது புதுமைப்பெண் திட்டத்துப் பணம். அன்றிரவு அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "இந்த வருசத்தோட நிறுத்திக்கிறியா பாப்பா? தையலுக்குப் போலாம்" என்றார். அன்றுதான் அப்பாவின் செல்பேசியை நான் வாங்கிக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வுக்கு வைத்திருந்த குறிப்பேட்டில் மிச்சமிருந்த தாள்களில் கோடு போட்டு நாள், மணி, எண், பேசியவர், சொன்ன தொகை, சொன்ன சொல் என ஆறு கட்டங்கள் வரைந்தேன். கோபத்தில் செய்ததன்று, அளந்து எழுதினால் அச்சம் குறையும் என்று தோன்றிற்று. 23 நாள்களில் 61 அழைப்புகள் வந்தன. சராசரி நாளொன்றுக்கு 2.65. ஒரே நாளில் வந்த மிகுதி 8. எண்கள் 14. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வந்தவை 9. மாதக் கடைசியில் அடர்த்தி கூடிற்று; வசூலிப்போருக்கும் மாத இலக்கு உண்டு என்பதே காரணம். ஒரு பெண் முகவர் பேசிப் பேசிக் களைத்துப்போய், "நானும் பி.காம்.தான்மா, இத்தனை போன் போட்டாகணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆறு கட்டங்களில் எனக்கு வியப்பளித்தது தொகைக் கட்டமே. ஒருவர் 3,62,000 என்றார். இன்னொருவர் 4,10,000 என்றார். மூன்றாமவர் நாலரை லட்சம் என்றார். ஒரே கடனுக்கு மூன்று விடை இருக்க முடியாது என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும்.

நான் கணக்கிட்டேன். வட்டி நூற்றுக்கு 11. முதல் 70,000-க்கு மூன்றாண்டுத் தனிவட்டி 23,100. இரண்டாம் 70,000-க்கு ஈராண்டுத் தனிவட்டி 15,400. அசலோடு கூட்ட 2019 நடுவில் 1,78,500 ரூபாய். அதன்பின் மாதந்தோறும் கூட்டுவட்டி. 72 மாதங்களுக்கு (1 + 0.11/12)-ஐ 72 அடுக்குக்கு உயர்த்த, ஏறத்தாழ 1.929 வரும். பெருக்கினால் 3,44,300 சொச்சம். அப்பா இடையிடையே கட்டிய 18,000-ஐ இதில் நான் கழிக்கவில்லை. கழிக்காமலே வரும் தொகை முகவர் மூவரும் சொன்னதைவிடக் குறைவு!

இனி விதிகளைப் பார்ப்போம். வசூலுக்கு அடியாட்களை ஏவுவதை 2007-ல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கு நெறிமுறை வகுத்தது. முகவர் யார் என்பதை வங்கி கடனாளிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முகவரிடம் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். கடனாளி எழுத்து மூலம் குறை தெரிவித்திருந்தால், அதைத் தீர்க்கும்வரை அக்கணக்கை வங்கி முகவரிடம் அனுப்பலாகாது. இவற்றுள் கடைசி விதியே நமக்கு மிகவும் பயன்படுவது. 2022 ஆகஸ்ட் 12-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைப்பது, ஓயாமல் அழைப்பது, மிரட்டுவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் இழிவுபடுத்தித் தொல்லை தருவது ஆகிய அனைத்தும் கூடாது என்று தெளிவாகக் கூறியது. அப்பா உடன்கடனாளி, அவரைக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டு அத்தை எதில் கையொப்பமிட்டார்?

"போலீஸ் வரும்" என்று ஒருவர் சொன்னார். பொய்க் காவல். ஏமாற்றும் நோக்கமின்றி வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாமை குற்றமன்று. அஃது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய வழக்கு.

இவ்விதிகள் ஏன் வேண்டியிருந்தன என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயரச் சான்று உண்டு. பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக்கடன்களை ரிலையன்ஸ் சொத்துச் சீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. இத்தகைய நிறுவனங்கள் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாராக்கடன்களைக் குறைந்த விலைக்கு வாங்கி வசூலிப்பவை. அவ்வாறு கைமாறிய கடனுக்கு உரிய மதுரைப் பொறியியல் பட்டதாரி ஒருவர் 2016 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். அவர் தொழிலாளி ஒருவரின் மகன். அவ்வாண்டுதான் என் அண்ணனும் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டான்.

என் குறிப்பேட்டைப் பார்த்த எங்கள் துறைப் பேராசிரியர், செஞ்சி நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு என்னையும் அப்பாவையும் அனுப்பினார். அங்கே கட்டணமில்லை. வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலவரம்புச் சட்டப்படி கடன் வழக்குக்கு மூன்றாண்டு. இவர் கடைசியாக எழுதிக் கொடுத்துக் கட்டியது எப்போது என்று பார்க்க வேண்டும். வாதாட இடமிருக்கலாம்" என்றார். முகவர்கள் "ஐந்நூறாவது போடுங்க" என்று கெஞ்சுவதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கெடு முடியுமுன் கையொப்பத்தோடு கட்டும் சிறு தொகையும் மூன்றாண்டைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். கெடு கடந்துவிட்டால் வழக்குத் தொடரும் வழி அடைபடுமே தவிர, கடன் அழிந்துவிடுவதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் தலைமேல் இருந்த பாரம் ஒரே வரியில் இறங்கிவிடும் என்று ஆசைப்பட்டேன். அப்பா ஒப்பவில்லை. "வாங்கினது வாங்கினதுதான் சார். கணக்கச் சரியாச் சொல்லட்டும், மரியாதையாக் கேக்கட்டும்" என்றார். அவர் கேட்டவை இரண்டே. 61 அழைப்புகளில் அவ்விரண்டும் இல்லை.

ஆகவே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கடன் கணக்கின் முழு விவரம் வேண்டும். வசூல் முகவர் யார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ள வேண்டும் எனக் கேட்டு, குறிப்பேட்டுப் பட்டியலின் நகலை இணைத்தோம். நகலில் ஒப்புகை முத்திரை வாங்கினோம். முப்பது நாளில் விடை வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம், அதற்கும் கட்டணமில்லை. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. மேலாளர் பட்டியலை இருமுறை படித்தார். அந்த வாரம் அழைப்புகள் மூன்றாகக் குறைந்தன. அடுத்த வாரம் நின்றன.

பதினாறாம் நாள் கணக்கு வந்தது. அதில் ஒன்றல்ல, இரண்டு தொகைகள் இருந்தன. பேரேட்டில் 1,65,454 ரூபாய். பேரேட்டில் ஏற்றாத வட்டியோடு சேர்த்தால் 3,13,000 சொச்சம். தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றுபோன கணக்கு வாராக்கடனாகிறது. அதன்பின் வரும் வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்டுவதில்லை. தனியே குறித்து வைக்கும். கடனாளி அதற்கும் பொறுப்பாளியே. ஆயினும் சமரசம் பேசும்போது பேச்சு பெரும்பாலும் சிறிய தொகையிலிருந்து தொடங்கும். இதை அறியாமல் நாலரை லட்சத்திலிருந்து பேசத் தொடங்கியிருந்தால் எங்கே போய் முடிந்திருப்போமோ!

செப்டம்பரில் கூடிய மக்கள் நீதிமன்றத்தில் 1,75,000 ரூபாய்க்குத் தீர்வாயிற்று. உடனடியாக 25,000, மீதி மாதம் 10,000 வீதம் 15 தவணை. இத்தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, இரு தரப்புக்கும். இதில் ஒரு குறையும் உண்டு. கடன் தகவல் நிறுவனப் பதிவில் "முழுவதும் அடைக்கப்பட்டது" என்று வராது. "சமரசத் தீர்வு" என்றே வரும். அண்ணன் நாளை வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ கேட்டால் அச்சொல் குறுக்கே நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். "வண்டி வேணாம்" என்றான். மாதம் 6,000 அவன் அனுப்புகிறான், 4,000 அப்பா. என் ஆயிரத்தை நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

சென்ற வாரம் ஆறாம் தவணை கட்டினோம். ரசீதுகளை அம்மா ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். அப்பாவின் செல்பேசியில் ஒலியை மீண்டும் திறந்துவைத்தேன். மறுநாள் விடியற்காலை அது அடித்தபோது அவர் எடுக்கவில்லை; பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் முறை அடித்தது, எடுத்தார். மேஸ்திரிதான். மேல்மலையனூர்ப் பக்கமிருந்து இரண்டு லாரி மல்லாட்டை வந்து நிற்கிறதாம்.