பல்லாவரத்துக் குழியை வெட்டியது யார்?

அடையாறு

அன்புள்ள இளங்கோ,

"கீழடி மாதிரி நம்ம ஸ்கூல் கிரவுண்டையும் தோண்டிப் பார்க்கலாமா, ஸார்?" என்று கேட்டாய். அப்போது சிரித்து அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தொல்லியல் என்றாலே கடப்பாறைதான் என்று உங்கள் வகுப்பே நினைக்கிறது. அதில் எனக்கு எரிச்சல் உண்டு.

பல்லாவரத்தை எடுத்துக்கொள். 1863 மே 30. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு 28 வயது. ராணுவ அணிவகுப்பு மைதானத்தின் அருகே, சரளைக்காக யாரோ வெட்டிய ஒரு சிறு குழி. வெளியே வாரிப்போட்ட குப்பையில் ஒரு கல் கிடந்தது. மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவின் பழைய கற்காலம் அந்தக் கல்லோடுதான் ஏட்டில் ஏறியது. அதே கல்லைக் குழி வெட்டியவர்கள் மண்வெட்டியால் வாரி எறிந்திருக்கிறார்கள். தோண்டியவர்கள் அவர்கள். ஃபூட் குனிந்து எடுத்தார், அவ்வளவுதான்.

அவர் கண்ணில் மட்டும் ஏன் பட்டது? படித்திருந்தார். பிரான்சில் பூஷே த பெர்த் என்று ஒரு சுங்க அதிகாரி. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செய்த கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய படிப்பாளிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1859இல் இங்கிலாந்து அறிஞர்கள் பிரெஸ்ட்விச்சும் எவான்ஸும் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி தெரிந்திருந்ததால்தான் நான்கு வருஷம் கழித்துப் பல்லாவரத்தில் ஒருவருக்குக் கல் கருவியாகத் தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு மைதானத்துக்கு ஓடலாம் என்கிற கட்சிக்கு இதைச் சொல்.

அதே 1863இல் ஃபூட்டும் சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கம் போனார்கள். அங்கே இடைப் பழைய கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுப் பழமையானவை என்று 2018இல் அறிவித்தவர்கள் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும். அவர்களுடைய சர்மா மையம் மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பு ஆசிரியரை விசாரிக்கச் சொல்.

கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டுமா? தி.நகரில் பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் எடுக்கும் இடத்துக்குப் போ. வேலிக்கு வெளியே நின்று குழியின் பக்கச்சுவரைப் பார். மேலே செங்கல் துண்டுகள், கீழே கொட்டி நிரப்பிய மண். அதற்கும் கீழே களிமண் தெரிந்தால், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர் அது என்பதை நினைத்துக்கொள். ஒவ்வோர் அடுக்கையும் வரை, உத்தேச உயரத்தைக் குறி, தேதி போடு. பானை ஓடு கண்ணில் பட்டாலும் பையில் போடாதே. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓட்டை என்னிடம் காட்டவும் வேண்டாம். உங்களில் பாதிப் பேர் வரைவதற்குப் பதில் போன் எடுத்துப் படம் பிடிப்பீர்கள். படம் பிடித்தவன் பார்ப்பதை அத்தோடு நிறுத்திவிடுகிறான்.

மைதானத்தைத் தோண்டும் ஆசைக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் சொல்லிவைக்கிறேன். மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய்.

ஃபூட் சேர்த்தவை 1904இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூர் போய் ஒரே ஒரு கற்கருவியை எல்லா விளிம்பும் தெரிய வரைந்து எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை போகாதே, அன்று விடுமுறை.

அன்புடன்,
உன் ஸார்