திக்கிய நாவும் அரங்கின் குரலும்



சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழா நாடகத்தில் நான் தூதனாக வந்தது உங்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். “மன்னா!” என்று தொடங்கி நான்கு வரி பேசிவிட்டுப் போனேன். கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய வேடமும் அன்று. ஆனால் திரைக்குப் பின்னால் வந்து நின்றபோது என் கண்கள் கலங்கியிருந்தன. காரணத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

எனக்குத் திக்குவாய். அதிலும் ‘ம’ என்னும் எழுத்து எனக்குப் பிறவிப் பகை. சிறுவயதில் வீட்டில் ‘மோர்’ என்று கேட்க முடியாமல் ‘தயிர்’ என்று கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தவன் நான். தில்லிக்குப் பௌதிகப் பட்டமேற்படிப்புக்கு வந்த பிறகும் அந்தப் பகை என்னை விடவில்லை. துறைக் கருத்தரங்கு ஒன்றில் ‘மாக்ஸ்வெல்’ என்ற பெயரைச் சொல்ல முயன்று, உதடுகள் ஒட்டிக்கொள்ள, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். பௌதிகம் படிப்பவன் மாக்ஸ்வெல்லைச் சொல்லாமல் எங்கே போவது? முன்வரிசையில் யாரோ அப்பெயரை எனக்காகச் சொல்லி முடித்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கோ நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

அப்படிப்பட்ட நான் ‘மன்னா’ என்பதை முந்நூறு பேர் முன்னிலையில் தடையின்றிச் சொன்னது எவ்வாறு? இந்தக் கேள்வி என்னை நூல்நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே எனக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் ஆங்கில நாட்டு நடிகர்கள் மூவர். அவர்களின் வாழ்க்கையைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

மான்செஸ்டர்ச் சிறுவன்

முதலாமவர் ராபர்ட் டோனாட். 1905ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மான்செஸ்டர் நகரை அடுத்த விதிங்டனில் பிறந்தவர். நான்கு ஆண்மக்களில் கடைக்குட்டி. தந்தையார் செருமானியக் குடிவழியில் வந்த பொறியியலர். சிறுவன் டோனாட்டுக்குப் பேச்சுத் திக்கியது. அதைப் போக்குவதற்காக ஜேம்ஸ் பெர்னார்டு என்னும் பேச்சுக்கலை ஆசிரியரிடம் அவர் அனுப்பப்பட்டார். மருந்தாக எண்ணித் தொடங்கிய பயிற்சி உயிர்த்தொழிலாகவே மாறிவிட்டது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டபின், பாடம் தடைப்படாதிருக்க அந்த ஆசிரியருக்கே செயலாளராக வேலை பார்த்தார் டோனாட். மூச்சை எங்கே எடுப்பது, எங்கே விடுவது, ஒரு சொல்லின் முதல் எழுத்தில் முட்டாமல் எப்படி நழுவிச் செல்வது என்பதெல்லாம் அவருக்குக் கலையின் அரிச்சுவடியாயிற்று.

1921இல், பதினாறு வயதில், பர்மிங்காமில் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் லூசியஸ் என்னும் பணியாள் சிறுவனாக முதன்முதல் மேடை ஏறினார். 1924இல் பிராங்க் பென்சனின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடித்துவந்த குழு அது. புகழ்பெற்ற பின் வந்த பெருமையை விட, இப்படி ஊர் சுற்றிய ஆண்டுகளே அவரை நடிகராக்கின என்று நான் கருதுகிறேன். அந்நாளில் ஆங்கில நாட்டின் பெரிய நடிகர்கள் பலரும் இவ்வாறே வளர்ந்தார்கள். பணியாளாகவும், காவலனாகவும், கூட்டத்தில் ஒருவனாகவும் நின்று தொழில் கற்றார்கள்.

1933இல் வெளிவந்த ‘எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை’ என்ற படத்தில் சிறு வேடம்; மறு ஆண்டு ஹாலிவுட்டில் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’. ஹாலிவுட் அவருக்குப் பிடிக்கவில்லை, நாடு திரும்பினார். 1935இல் ஹிட்ச்காக் இயக்கிய ‘முப்பத்தொன்பது படிகள்’ அவரை உலகறியச் செய்தது. விடுதி அறையில் கணினியில் அப்படத்தைப் பார்த்தேன். கதாநாயகன் தற்செயலாக ஓர் அரசியல் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறான். அவனையே பேச்சாளன் என்று எண்ணி மேடையேற்றிவிடுகிறார்கள். யாருக்காகப் பேசுகிறோம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் அவன் பேசிக் கைதட்டலும் பெறுகிறான். சிறுவயதில் திக்கிய ஒருவர் இக்காட்சியை நடித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

நாவை வென்றவரை மூச்சு விடவில்லை. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது. 1937இல் வந்த ‘கவசமில்லா வீரன்’ படத்தின்போது நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தார். தயாரிப்பாளர் கோர்டா வேறொருவரை அமர்த்த எண்ணினார். அவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர் உடன் நடித்த மார்லீன் டீட்ரிக். ஒரு நடிகருக்காக இன்னொரு நடிகர் காத்திருந்த இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இறுதியில் இதற்கே திரும்பி வருவேன்.

1939இல் ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’. இளம் ஆசிரியராகப் பள்ளிக்குள் நுழைந்து முதுபெருங் கிழவராகும் வரை ஒரே மனிதரின் வாழ்வு. முப்பத்து நான்கு வயதுக்காரர் அக்கிழவரின் குரலைத் தம் தொண்டையிற் கண்டெடுத்தார். அவ்வாண்டுக்குரிய ஆஸ்கார் பரிசு, கிளார்க் கேபிள், லாரன்ஸ் ஒலிவியர் போன்றோரைத் தாண்டி அவருக்குக் கிடைத்தது. ஆயினும் அவர் நடித்து முடித்த படங்கள் ஏறத்தாழ இருபதே. நோய் அவ்வளவுக்குத்தான் இடங்கொடுத்தது. 1953இல் லண்டன் ‘ஓல்டு விக்’ அரங்கில் பேராயர் தாமஸ் பெக்கெட்டாக நடித்ததே அவருடைய கடைசி மேடை வேடம். 1958 ஜூன் 9ஆம் நாள், 53ஆம் வயதில் காலமானார். அவருடைய இறுதிப்படமான ‘ஆறாம் இன்பத்தின் சத்திரம்’ அவர் மறைந்த பின்னரே திரைக்கு வந்தது. அதில் சீன அதிகாரியாக வரும் அவர் விடைபெறும் காட்சியைப் பார்க்கும்போது, நடிப்பு எங்கே முடிந்து உண்மை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

பொறியியல் படித்த கோமாளி

இரண்டாமவரை உங்களுக்கு நன்கு தெரியும். ‘மிஸ்டர் பீன்’ வேடத்தில் பேசாமலே உலகைச் சிரிக்கவைத்த ரோவன் அட்கின்சன். 1955 ஜனவரி 6ஆம் நாள் டர்ஹாம் மாவட்டத்துக் கான்செட்டில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நியூகாசிலில் மின்பொறியியல் படித்து, ஆக்ஸ்போர்டில் பட்டமேற்படிப்பும் முடித்தார். நம்மைப் போன்ற விஞ்ஞான மாணவர்! தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றியது அவருடைய ஆய்வு. ஆக்ஸ்போர்டு மாணவர் நகைச்சுவைக் குழுவில் நடிக்கத் தொடங்கியவர், பிறகு பொறியியல் பக்கம் திரும்பவில்லை.

அவருக்கும் திக்குவாய் உண்டு. ‘ப’கர ஒலி அவருக்குத் தடை. அதைத் தாண்ட அந்த ஒலியை வேண்டுமென்றே அழுத்தி, வெடிக்கச் செய்து சொல்வார். 1983 முதல் 1989 வரை தொலைக்காட்சியில் வந்த ‘பிளாக்ஆடர்’ தொடரில் ‘பாப்’ என்ற பெயரை அவர் உச்சரிக்கும் விதமே ஒரு நகைச்சுவையாகிவிட்டது. வேறொருவராக நடிக்கும்போது திக்கு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். குறையை மறைக்கக் கண்ட வழியே கலையின் முத்திரையானது.

வேற்றூர்ப் பேச்சு

மூன்றாமவர் எமிலி பிளண்ட். 1983 பிப்ரவரி 23ஆம் நாள் லண்டனில் பிறந்தவர். ஏழெட்டு வயதிலிருந்து அவருக்குப் பேச்சுத் திக்கியது. பன்னிரண்டு வயதில் ஆசிரியர் ஒருவர் பள்ளி நாடகத்தில் நடிக்கும்படி அவரைத் தூண்டினார். தயங்கிய சிறுமிக்கு அவர் சொன்ன யோசனை, வேற்றுப் பகுதி மக்களின் உச்சரிப்பில் பேசிப் பார் என்பது. சிறுமி வடக்கு இங்கிலாந்துப் பேச்சில் பேசினாள்; நா தடுக்கவில்லை. 2001இல் லண்டன் மேடையில் ஜூடி டென்ச் அம்மையாரோடு நடித்தார். 2009இல் ‘இளம் விக்டோரியா’வில் அரசியானார். பௌதிக மாணவர்கள் விரும்பிப் பார்த்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் (2023) ஓப்பன்ஹைமரின் மனைவி கிட்டியாக வந்தவரும் அவரே. இன்று திக்குவாய்க்காரருக்குத் துணைநிற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பணியில் பங்குகொள்கிறார்.

விஞ்ஞானம் சொல்வதென்ன?

குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்குச் சிலகாலம் பேச்சுத் திக்குகிறது. பெரும்பாலோர்க்கு அது தானே நீங்கிவிடும். வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அது தங்கிவிடுகிறது, ஆண்களிடமே மிகுதி. இது குடும்பவழி வருவதும் உண்டு. அறிவுக்குறைவோ கோழைத்தனமோ இதற்குக் காரணமல்ல. மூச்சு, தொண்டை, நாக்கு, உதடு ஆகியவற்றை நொடியின் சிறு கூறுகளில் ஒன்றிணைக்கும் மூளையின் கால ஒழுங்கில் நேரும் இடறலே இது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இங்கே ஒரு விந்தை உண்டு. திக்குவாய்க்காரர் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் திக்குவதில்லை. தம் குரலையே சற்றுத் தாமதமாகக் காதில் கேட்கச் செய்தால், எளிதாகப் பேசுவோர் தடுமாறுகிறார்கள். திக்குவோரில் சிலரோ சரளமாகப் பேசுகிறார்கள்! நாம் பேசும்போது நம் குரலை நம் செவி கேட்டு மூளைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நமக்கு நன்கு தெரிந்த பின்னூட்டச் சுற்றுத்தான் இது. தன் பேச்சைத் தானே கண்காணிக்கும் அந்தச் சுற்றில் ஒரு மாறுதல் நேர்ந்தால், பேச்சின் ஓட்டமும் மாறுகிறது. வேடமும் வேற்று உச்சரிப்பும் அத்தகைய மாறுதலைத் தரக்கூடும். தூதனாக நின்றபோது என் குரலை நான் கண்காணிக்கவில்லை. அது தூதனின் குரல் அல்லவா?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நடிப்பு எல்லோருக்கும் மருந்தாகும் என்று இந்த வாழ்க்கைகள் சொல்லவில்லை. அட்கின்சன் இன்னும் திக்குவாய்க்காரர்தாம். நாடகம் முடிந்த மறுநாள் காலை உணவு விடுதியில் நானும் திக்கினேன். வேடம் தந்தது விடுதலை அன்று; என்னுள்ளும் தடையற்ற குரல் ஒன்று இருக்கிறது என்னும் அறிவைத் தந்தது. அந்த அறிவு சிறிதன்று.

மற்றொரு ஆங்கில நடிகரையும் இங்கே நினைக்கவேண்டும். மைக்கேல் பேலினின் தந்தையார் வாழ்நாள் முழுதும் திக்கியவர். 1988இல் வந்த ‘வாண்டா என்னும் மீன்’ என்ற நகைச்சுவைப் படத்தில் பேலின் திக்குவாய்க்காரனாக நடித்தார். அதைக் கண்டு மனம் நொந்தோரும் உண்டு. பின்னர், 1993இல் லண்டனில் திக்கும் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கப்பட்டபோது அதற்குத் தம் பெயரையும் உழைப்பையும் அவர் தந்தார். தந்தைக்குச் செய்ய முடியாததைப் பிறர் பிள்ளைகளுக்குச் செய்தார் என்றே நான் கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள்

மூவர் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுவே. டோனாட்டுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எமிலிக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அட்கின்சனுக்கு ஒரு மாணவர் குழு இருந்தது. திக்கும் பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பாமல் மேடைக்கு அழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லையேல் உலகம் அந்தக் குரல்களைக் கேட்டிருக்காது. நம் ஊர்ப் பள்ளிகளில் ‘திக்குவாயன்’ என்ற பட்டத்தோடு வாயடைத்துப் போனவர் எத்தனை பேரோ!

அடுத்த மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு. மாக்ஸ்வெல்லைச் சொல்லாமல் அதைக் கடக்க முடியாது. வேறு சொல் தேடி ஓடவும் போவதில்லை. திக்கினால் திக்கியே சொல்வேன்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த பொங்கல் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது, கூட்டத்தில் வாய் திறவாது நிற்பவனை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் முன் ஒருவர் திக்கினால், அவர் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். நோயுற்ற டோனாட்டுக்காக டீட்ரிக் காத்திருந்தது போலச் சற்றே காத்திருங்கள். அந்தச் சொல் எப்படியும் வந்து சேரும்.