வண்டிக் கண்ணாடியை இயந்திரத்தால் மெருகிடுதல்

விடியற்காலை வேளை, மழை பெய்துகொண்டிருக்கிறது. வேலைக்கு ஆள் ஏற்றிய வேன் ஒன்று செம்பனை வரிசைகளுக்கு நடுவே வருகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கொளி பட்டதும் வேனின் முன்கண்ணாடி முழுவதும் வெண்படலமாகி விடுகிறது. சில விநாடிகளுக்கு ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலையோரம் தெரிவதில்லை. பகலில் குறையற்றதாய்த் தோன்றிய அதே கண்ணாடிதான் இரவில் இவ்வாறு ஏமாற்றுகிறது.

இக்குறையை நீக்கும் மெருகு வேலையை இன்று சிறு பட்டறைகளிலும் செய்ய முடிகிறது. கற்றுக்கொண்டால் நம் இளைஞர்களுக்கு அது பயனுள்ள கைத்தொழிலாகும். ஆனால் பலரும் இயந்திரம் ஓட்டுவதை மட்டுமே வேலை என எண்ணிவிடுகின்றனர். சிறு பட்டறை ஒன்றில் நாம் கண்ட காட்சி நினைவுக்கு வருகிறது. இளைஞர் ஒருவர் முன்கண்ணாடியைப் பளிங்குபோல் ஆக்கியிருந்தார். ஆனால் கறுப்பு வண்டியின் பானட்டெங்கும் வெண்புள்ளிகள் தெறித்துக் காய்ந்திருந்தன. அவற்றை உலர்ந்த துணியால் அவர் தேய்க்கவே, சாயத்தில் வட்டவட்டமாய்க் கீறல் விழுந்தது. பெற்ற கூலி அதைச் சரிசெய்யவே போதவில்லை. மூடிக் காப்பது மெருகு வேலையின் சரிபாதி என்பதே இப்பாடத்தின் மையக் கருத்து.

குறையை அறிதல்

முதலில் கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் படலம் மட்டுமானால் கழுவுவதோடு வேலை முடிந்துவிடும். போகாத நீர்க்கறையும், வைப்பர் தேய்த்த மெல்லிய கோடுகளுமே மெருகுக்கு உரியவை.

கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அதைப் போக்கச் சுற்றியுள்ள கண்ணாடியையும் குடைய நேரிடும். அங்கே பள்ளம் ஏற்பட்டு, அதன்வழியே காணும் பொருள்கள் நெளிந்து தோன்றும். ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இது பெரும் ஆபத்து. அத்தகைய கண்ணாடியையும், விரிசல் கண்ட கண்ணாடியையும் மாற்றச் சொல்வதே நேர்மை.

மெருகு எவ்வாறு ஏற்படுகிறது?

இவ்வேலைக்குரிய பொருள் சீரியம் ஆக்சைடு என்னும் நுண்பொடி. சீரியம் 1803-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தனிமம். நம் நாட்டுக்கும் அது அந்நியமன்று. ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் ‘அமாங்’ மணலிலுள்ள மோனசைட்டு என்னும் கனிமத்தில் சீரியம் உண்டு.

இப்பொடி கண்ணாடியைத் தேய்ப்பதோடு, நீரின் துணையால் அதன் மேற்பரப்பில் வேதிவினையும் புரிந்து மிக மெல்லிய அடுக்கை அகற்றுகிறது. ஆகவே நீர் வற்றினால் மெருகு நின்றுவிடும். வெப்பம் மட்டுமே ஏறும். முன்கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்லிய நெகிழிப் படலம் வைத்து ஒட்டியது. ஒரே இடத்தில் சூடேறினால் அது வெடிக்கக்கூடும்.

மூடிக் காத்தல்

சுழலும் வட்டு பொடிக்கூழை நாற்புறமும் வீசும். கறுப்பு ரப்பரின் நுண்துளைகளிலும் சொரசொரப்பான நெகிழியிலும் அது காய்ந்துவிட்டால் வெண்மை எளிதில் போகாது. எனவே இயந்திரத்தை எடுக்குமுன் பின்வருவனவற்றைச் செய்க.

1. வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சன்னல்கள் அனைத்தையும் மூட வேண்டும்.

2. வைப்பர்களைக் கழற்றிவிடுதல் நலம். அதன் தண்டு மட்டும் நிமிர்ந்து நின்றால் கண்ணாடிமேல் தடித்த துணியை விரித்து வையுங்கள். தண்டு திடீரென விழுந்து கண்ணாடியை உடைத்ததுண்டு.

3. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைக் காகித ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி மூட வேண்டும்.

4. பானட், கூரை, பக்கத் தூண்கள் ஆகியவற்றின்மேல் நெகிழித் தாளை விரித்து, அதன் ஓரத்தை முதல் நாடாவின்மேல் படியுமாறு ஒட்ட வேண்டும். தாளுக்கடியில் மணல் இருந்தால் அதுவே சாயத்தைக் கீறும். ஆதலால் பானட்டை முன்னதாகவே கழுவுக.

5. கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்களை மறவாமல் மூடுக. அங்கே புகுந்த கூழ் பின்னர்த் தூசியாகி வண்டிக்குள் வரும்.

மெருகிடும் முறை

பொடியைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசம் அணிக. தயிரைவிட இளக்கமாகவும் மோரைவிடக் கெட்டியாகவும் கூழ் இருக்கட்டும். கண்ணாடிக்கென உள்ள கம்பளி வட்டையே பயன்படுத்த வேண்டும்; சாயத்துக்குப் பயன்படுத்திய வட்டு ஆகாது.

ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஓரடிச் சதுரம் போதும். வட்டைக் கண்ணாடியில் படியவைத்த பிறகே விசையைப் போட வேண்டும். விசையை நிறுத்தி, சுழற்சி அடங்கிய பிறகே வட்டைத் தூக்க வேண்டும். இவ்வொரு பழக்கமே தெறிப்பைப் பெரிதும் குறைத்துவிடும். வட்டைச் சாய்க்காமல், குறைந்த வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருங்கள். கூழ் உலரத் தொடங்கினால் சிறிது நீர் தெளியுங்கள். அடிக்கடி நிறுத்தி, புறங்கையால் தொட்டுச் சூட்டை அறியுங்கள். இளஞ்சூட்டுக்கு மேற்பட்டால் ஆறவிடுக.

கண்ணாடியின் உட்புறத்தில் இயந்திரம் வைத்தல் கூடாது. நிறப்படலம் கிழியும், பின்கண்ணாடியிலுள்ள வெப்பக் கோடுகளும் அறுந்துபோகும்.

நீரும் மின்சாரமும் ஒன்றுகூடும் வேலை இது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவியுள்ள இணைப்பையே பயன்படுத்துக. கம்பியின் இணைப்பு ஈரத்தரையில் கிடக்கலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

முடிக்கும் முறை

கூழ் காயுமுன் கண்ணாடியைக் கழுவுக. பின்னர்த் தாளை உட்புறமாக மடித்தவாறே எடுத்தால் கூழ் சிந்தாது. நாடாவையும் உடனே உரித்துவிடுக. வெயிலில் கிடந்தால் அதன் பசை தங்கிவிடும். சாயத்தில் துளி தெறித்திருந்தால் துடைக்காமல் நீரைப் பாய்ச்சிக் கரைத்து அகற்றுங்கள். முடிவில் இருட்டிய பிறகு வண்டிக்குள் அமர்ந்து, எதிரே விளக்கொளியை வைத்துக் கண்ணாடியைச் சோதித்துப் பாருங்கள்.

வேனில் ஏறுவோர் கண்ணாடியை மெருகிட்டவரை அறியமாட்டார். ஆயினும் அவர்கள் வீடு திரும்புவதில் அவர் பொறுமைக்கும் பங்குண்டு.

பயிற்சி வினாக்கள்

1. நகம் தட்டும் கீறலை மெருகிடலாகாது என்பது ஏன்?

2. கூழ் வற்றினால் நேரும் தீங்கு யாது?

3. சாயத்தில் தெறித்த துளியை எவ்வாறு அகற்ற வேண்டும்?