அப்பாவோட ரிட்டயர்மென்ட் வீடியோவும் நான் வீணாக்கின 17,000 ரூபாயும்

வழக்கமா எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு வீடியோ எடிட்டிங் பத்திப் பேசப்போறேன். இதுலயும் பணக் கணக்கு இருக்கு. அந்தக் கணக்குல நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன்.

அப்பா என்.எல்.சி.யில 34 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நெய்வேலி குவார்ட்டர்ஸ் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமா வடலூர் வீட்டுக்கு மாத்த ஆரம்பிச்சோம். பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியில நாலு ஆல்பமும் ரெண்டு வி.எச்.எஸ். கேசட்டும் கிடைச்சது. "விழா அன்னைக்கு டி.வி.யில போடுற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷ வீடியோ பண்ணுடா"ன்னு அம்மா சொன்னாங்க.

நான் முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? மாசம் 1,700 ரூபாய் சந்தாவுல ஒரு பெரிய எடிட்டிங் சாப்ட்வேர் வாங்கினேன். ரெண்டு மாசம்தான் தொட்டேன். ஆனா கார்டுல இருந்து 12 மாசம் பணம் போச்சு. மொத்தம் 20,400 ரூபாய். பயன்படுத்தினது 3,400 ரூபாய்க்கு. மீதி 17,000 வீண். கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சா சந்தாவும் நின்னுடும்னு நினைச்சது என் தப்பு.

இதுக்கு நடுவுல கேசட்டைக் கடைசியா பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போனப்ப ஒரு கேசட் முழுக்கப் பூஞ்சை. அதுல இருந்தது திரும்ப வரலை. இன்னொண்ணு தப்பிச்சது, 1996ல அக்காவோட காதணி விழா. அதுல 11 செகண்ட் எங்க ஆயா கேமராவைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னு சொல்றாங்க. ஆயா குரல் எங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.

சம்பளம் வந்ததும் முதல்ல சேமிப்பு, அப்புறம்தான் செலவுன்னு சொல்வோம் இல்லையா? இங்கயும் அதேதான். முதல் செலவு ஒரிஜினலைக் காப்பாத்த, கடைசி செலவு சாப்ட்வேருக்கு. நான் தலைகீழா செஞ்சேன். நீங்க இந்த வரிசையில செய்யுங்க.

1. கேசட்டும் ஆல்பமும்

வெள்ளையா பூஞ்சை தெரியுற கேசட்டை வீட்டு வி.சி.ஆர்.ல போட்டுப் பார்க்காதீங்க. டேப்பும் போகும், வி.சி.ஆர். ஹெட்டும் அழுக்காகும், அடுத்து போடுற நல்ல கேசட்டும் கெடும். கேசட்டை டிஜிட்டலா மாத்துறது ஓடுற வேகத்துலதான் நடக்கும். மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும். விழாவுக்கு முந்தின நாள் ஓடாதீங்க.

போட்டோவை ஸ்கேன் பண்ண கணக்கு சுலபம். ஃபுல் எச்.டி. திரை 1920 x 1080 பிக்சல். 6 x 4 இன்ச் போட்டோவை 300 டி.பி.ஐ.ல ஸ்கேன் பண்ணா 1800 x 1200 கிடைக்கும், ஏறக்குறைய திரை அளவு. முகத்தை ஜூம் பண்ணணும்னா 600 டி.பி.ஐ. வையுங்க, 3600 x 2400 வரும். ஸ்கேனர் இல்லையா? கூகுளோட போட்டோஸ்கேன் ஆப் இலவசம். கண்ணாடி மாதிரி மின்னுற வெளிச்சத்தை அது நீக்கிடும்.

சித்தப்பா, அத்தைகிட்ட போட்டோ கேட்டா வாட்ஸ்அப்ல "டாக்குமென்ட்"டா அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போயிடும்.

2. மூணு பிரதி

எல்லாம் கைக்கு வந்ததும் மூணு பிரதி வையுங்க. ஒண்ணு லேப்டாப்ல, ஒண்ணு வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வீட்டுக்கு வெளியில, அதாவது கிளவுட்லயோ அக்கா வீட்லயோ. நான் வீணாக்கின 17,000 ரூபாய்க்குள்ள ஹார்ட் டிஸ்க்கும், கேசட் மாத்துற கூலியும் அடங்கி மீதியும் இருந்திருக்கும்.

3. செகண்டுக்கு பட்ஜெட்

அஞ்சு நிமிஷம்னா 300 செகண்ட். தலைப்புக்கும் பழைய வீடியோ துண்டுகளுக்கும் 60 செகண்ட் ஒதுக்கினா மீதி 240. ஒரு போட்டோவுக்கு 4 செகண்ட்னா 60 போட்டோதான். எங்ககிட்ட 400க்கு மேல இருந்தது. இங்கதான் நிஜமான எடிட்டிங். ஒரே மாதிரி மாலை போட்ட போட்டோ பத்து இருந்தா ஒண்ணு போதும். குரூப் போட்டோவுக்கு மட்டும் 6 செகண்ட் கொடுங்க. எல்லாரும் முதல்ல தன் முகத்தைத்தான் தேடுவாங்க.

வரிசைக்குக் காலம் ஒண்ணு போதும். எங்க வீடியோ அப்பா சுரங்கத்துல ஹெல்மெட்டோட நிக்கிற கறுப்பு வெள்ளைப் படத்துல ஆரம்பிச்சது. குவார்ட்டர்ஸ் வாசல், அக்காவோட காதணி, வடலூர் தைப்பூசக் கூட்டம், நெய்வேலி புத்தகக் கண்காட்சி, பேரன்னு போச்சு. பின்னணிக்கு அம்மாவைப் பேசச் சொல்லி போன்லயே பதிவு பண்ணேன். ஃபேனை அணைச்சுட்டுப் பதிவு பண்ணுங்க, அது போதும்.

4. இப்ப சாப்ட்வேர்

விண்டோஸ் 11ல கிளிப்சாம்ப் இருக்கு. 1080 வரைக்கும் வாட்டர்மார்க் இல்லாம இலவசமா எடுக்கலாம். ஆப்பிள்னா ஐமூவி. ஷாட்கட், கேடென்லைவ், ஓபன்ஷாட் மூணும் ஓபன் சோர்ஸ், முழுக்க இலவசம். டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பே பெரிய வேலைக்குத் தாங்கும், ஆனா நல்ல லேப்டாப் வேணும். ஒரு ஸ்லைடுஷோவுக்கு இதுல எதுவும் போதும்.

ரெண்டு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள பொதுவா உங்க போட்டோ இருக்காது, அது எந்த ஃபோல்டர்ல இருக்குங்கற முகவரிதான் இருக்கும். நான் பென் டிரைவ்ல இருந்தே எடிட் பண்ணிட்டு அதைக் கழட்டினேன். மறுநாள் 60 படமும் "காணவில்லை". அதனால எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டுட்டு ஆரம்பிங்க. ரெண்டாவது, முடிச்சதும் எம்.பி.4 ஆக எடுத்து வையுங்க. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில மூவி மேக்கரை நிறுத்தினது ஞாபகம் இருக்கா? சாப்ட்வேர் போகும், எம்.பி.4 எங்கயும் ஓடும். 1080ல, செகண்டுக்கு 8 மெகாபிட் வேகத்துல அஞ்சு நிமிஷத்துக்கு சுமார் 300 எம்.பி.தான் வரும்.

யூடியூப்ல ஏத்தணும்னா சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமைக் கோரிக்கை வரலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில இலவச இசை இருக்கு.

5. சந்தா எடுத்தே ஆகணும்னா

வாங்குற அன்னைக்கே நிறுத்துற தேதியை போன்ல ரிமைண்டரா போடுங்க. "வருட ஒப்பந்தம், மாதத் தவணை"னு இருந்தா நடுவுல நிறுத்த அபராதம் இருக்கான்னு படிங்க. கார்டுல தானா போற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாடி வங்கி தகவல் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. எனக்கும் எஸ்.எம்.எஸ். வந்தது. நான்தான் படிக்கலை. இன்னைக்கே உங்க வங்கி ஆப்ல ஆட்டோ டெபிட் பட்டியலைத் திறந்து பாருங்க.

6. இதுல காசு வந்தா?

ஒரு நல்ல வீடியோ பண்ணா, "எங்க வீட்டு விசேஷத்துக்கும் பண்ணித் தா, காசு தர்றேன்"னு கேட்பாங்க. வாங்கலாம். ஆனா அது தொழில் வருமானம், ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. ஜி.பே.யில வந்தாலும் கையில வந்தாலும் காட்டணும். சேவை வருமானம் வருஷம் 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. டி.டி.எஸ். போக வரி பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். அரசு, பொதுத்துறை வேலைன்னா வெளி வேலைக்கு அனுமதி வேணுமான்னு முதல்ல கேளுங்க.

விழா அன்னைக்கு அப்பா வீடியோ பார்த்தார். சுரங்கப் படத்துக்குச் சிரிச்சார். ஆயா பேசின 11 செகண்ட் வந்தப்ப எழுந்து டி.வி. பக்கத்துல போய் நின்னார். "இன்னொரு தடவை போடு"ன்னார். அந்த இடத்துல இருந்தது சாதாரண கட் மட்டும்தான், எந்த எஃபெக்ட்டும் இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பரணைப் பாருங்க. கேசட் இருந்தா முதல்ல அதை எடுங்க. சாப்ட்வேர் அடுத்த வாரமும் கிடைக்கும்.