படுத்துக் கிடந்தால் போதுமா?

கேள்வி: திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய் வேலை பார்க்கிறேன். ஞாயிறு முழுக்க டிவி முன்னால் படுத்தே கிடந்தாலும் திங்கட்கிழமை காலையில் தோள் கல்லாகத்தான் இருக்கிறது. வேலை இல்லாத நாளிலும் டென்ஷன் ஏன் விடுவதில்லை? 'ரிலாக்ஸாக இரு' என்கிறார்களே, அது உண்மையில் என்ன?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: நல்ல கேள்வி. பாதி விடையும் அதிலேயே இருக்கிறது: தோள் கல்லாக இருக்கிறது என்றீர்கள். டென்ஷன் என்றதும் எல்லோரும் மனசைக் காட்டுவார்கள். நீங்கள் தசையைக் காட்டிவிட்டீர்கள்.

வேலை நின்றால் உடம்பு தானே தளர்ந்துவிடும் என்று நம்புகிறோம். அது சரியல்ல. திண்டிவனத்தில் ஏறி விக்கிரவாண்டி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, பிறகு இடம் கிடைத்து உட்கார்ந்தாலும், விரல்கள் கொஞ்ச நேரம் மடங்கியேதான் இருக்கும். வேலை முடிந்த சேதி தசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் இதை அளந்தே பார்த்தார். தசை சுருங்கும்போது மிக நுண்ணிய மின்சாரம் எழும். நிம்மதியாகப் படுத்திருப்பதாக நினைப்பவர்களின் தசையிலும் அந்த மின்சாரம் இருந்தது. அதை 'எஞ்சிய இறுக்கம்' என்றார். ஓய்விலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் விறைப்பு.

இதைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒட்டியிருந்தனவா? சும்மா இருக்கையில் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. இந்நேரம் தாடையைத் தளர்த்தியிருப்பீர்கள். அதுவரை இறுக்கி வைத்திருந்தது உங்களுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் நடப்பதும் இதுதான். இருப்பதே தெரியாத இறுக்கத்தை எப்படி விடுவது?

இந்த இறுக்கத்துக்குப் பின்னால் நரம்புகள் இருக்கின்றன. பரிவு நரம்பு மண்டலம், அதாவது ஆபத்து என்றதும் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் நரம்புக் கூட்டம், ஒருபக்கம். அதை மட்டுப்படுத்துவது எதிர்ப்பரிவு மண்டலம்; மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு அதன் முக்கியமான பாதை. மூச்சை வெளியே விடும்போது இந்த நரம்பின் பிடி கூடும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நீள மூச்சு விட்டுப் பாருங்கள், துடிப்பு சற்று மெதுவாவது விரலுக்கே தெரியும்.

இப்படி மட்டுப்படுத்த உடம்பைப் பழக்க முடியுமா? புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். அங்கே உடலியங்கியல் துறையினர் 2002-ல் வெளியிட்ட ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பத்துப் பேருக்கு ஏழு நாள் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்து உடம்பைத் தளர்த்தும் யோகாசனம், பழக்கினார்கள். கையைச் சில்லென்ற ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். அப்படி வைத்தால் பொதுவாக நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். சவாசனம் செய்து எழுந்ததும் வைத்தபோது அந்த ஏற்றம் குறைவாக இருந்தது. கையை எடுத்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் அந்த வித்தியாசம் தெரிந்தது. பத்தே பேர் என்பதால் சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. தண்ணீரின் குளிர் குறையவில்லை, உடம்பு அதை வாங்கிக்கொண்ட விதம் மாறியது. ரிலாக்ஸாக இருப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அதற்குப் பழக்கம் வேண்டும், சைக்கிள் விடப் பழகுவது மாதிரி.

எங்கே தொடங்குவது? ஜேக்கப்சன் 1929-ல் தன் நூலில் எழுதிய முறை எளிது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த அன்றைக்கு, கையை மணிக்கட்டில் பின்னோக்கி மேலே வளையுங்கள். முன்கையில் ஒரு லேசான இழுப்பு தெரியும். அதை நன்றாகக் கவனித்துவிட்டு, கையை அப்படியே விட்டுவிடுங்கள். மெல்ல இறக்கி வைக்க வேண்டாம், தானாக விழட்டும். இழுப்பு எது, விடுபட்ட நிலை எது என்று கைக்குப் புரிந்த பிறகு தோளுக்குப் போங்கள். காதருகே வரை தூக்கி, விட்டுவிடுங்கள்.

தோள்வலியோடு கை மரத்துப்போகிறது என்றால் இந்தப் பயிற்சியை நம்பி நாள் கடத்தாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நீங்கள் போகும் வழியில்தான் இருக்கிறது. ஒருநாள் இறங்கிக் காட்டிவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம் என்றால் அந்த ஒருநாளும் வேண்டாம், உடனே போங்கள்.