தறியோசையின் நடுவே தெய்வ பிரசன்னம்

முன்னுரை

"கடவுள் எங்கே இருக்கிறார்?" ஞானோபதேச வகுப்பில் நாம் சிறு வயதிலேயே கேட்ட வினா இது. "எங்கும் இருக்கிறார்" என்று ஒரே குரலில் விடை சொன்னோம். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். விடை எளிதானதுதான். ஆனால் அந்த விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை வாழ்ந்து பார்ப்பது அவ்வளவு எளிதன்று.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் படி இறங்கியதும், ஆண்டவரை நற்கருணைப் பேழையிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல நாம் பேசத் தொடங்குகிறோம். செபத்திற்கு ஓர் இடம், வேலைக்கு வேறோர் இடம் என்று வாழ்வை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். நம் குமாரபாளையத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. இது தறிகளின் ஊர். பல தெருக்களில் பகலென்றும் இரவென்றும் பாராமல் விசைத்தறியின் ஓசை கேட்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாத இடத்தில் கடவுளின் குரல் எப்படிக் கேட்கும்? ஓய்வில்லாமல் உழைப்பவர்களுக்குத் தெய்வ பிரசன்னம் எட்டாத ஒன்றா? இதையே இக்கட்டுரையில் சிந்திப்போம்.

நாசரேத்தூரின் சிறு வீடு

புனித லூக்காவின் நற்செய்தி இரண்டு வானதூதர் காட்சிகளுடன் தொடங்குகிறது. முதலில் கபிரியேல் தூதர் செக்கரியாவுக்குத் தோன்றுகிறார். அது எருசலேம் தேவாலயம். தூபம் காட்டும் வேளை. ஆறாம் மாதத்தில் அதே தூதர் மரியாளிடம் வருகிறார். இம்முறை தேவாலயமும் இல்லை, தூபமும் இல்லை. கலிலேயா நாட்டில், பெரிதாக யாரும் மதியாத நாசரேத்து என்னும் ஊரில் அச்செய்தி வந்து சேருகிறது. முந்திய செய்தியைவிட மேலான செய்தி எளிய ஊரைத் தேடி வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வேளையில் அன்னை என்ன செய்துகொண்டிருந்தார் என்று நற்செய்தி கூறவில்லை. ஆனால் கீழைத் திருச்சபையின் பழைய ஓவியங்கள் பலவற்றில் மரியாள் கையில் நூலும் கதிருமாகக் காட்சி தருகிறார். தேவாலயத் திரைக்காக அவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார் என்பது அங்குள்ள பழைய மரபு. தார் சுற்றியும் நூல் இழைத்தும் குடும்பத்தைத் தாங்கும் நம் ஊர்த் தாய்மார்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான காட்சி!

இயேசுவும் ஏறக்குறைய முப்பது வயதில்தான் தம் பணியைத் தொடங்கினார். அதுவரை அவரை அவ்வூரார் ஒரு தச்சராகவே அறிந்திருந்தனர். உலகை மீட்க வந்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை உழைப்பிலும் வீட்டிலும் கழித்தார் என்றால், அந்த ஆண்டுகள் வீணானவையா? ஒருபோதும் இல்லை. திருத்தூதர் பவுலும் கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். வேலை செய்யும் கைகளைக் கடவுள் ஒதுக்கி வைக்கவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

சமையற்கட்டில் ஒரு துறவி

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் பழகிக் காட்டியவர் சகோதரர் லாரன்ஸ். இன்று பிரான்சு நாட்டில் உள்ள லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கோலாஸ் எர்மான். பதினெட்டு வயதில் ஒரு குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். இதே மரம் மீண்டும் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் கடவுளின் பராமரிப்பை ஆழமாகப் பதித்தது. பின்பு படைவீரராகப் பணியாற்றிக் காலில் காயம்பட்டார். 1640-ஆம் ஆண்டு பாரிசு நகரில் கார்மேல் சபை மடத்தில் உதவிச் சகோதரராகச் சேர்ந்தார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அவ்வேலை அவர் இயல்புக்குச் சற்றும் பிடிக்காத ஒன்று. ஆயினும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். பின்னர் சகோதரர்களின் காலணிகளைத் தைத்துக் கொடுத்தார். பாத்திரங்கள் உருளும் ஓசையிலும், ஒரே நேரத்தில் பலர் வந்து பலவற்றைக் கேட்கும் பரபரப்பிலும், பீடத்தின் முன் முழங்காலில் இருக்கும்போது உள்ள அமைதியே தமக்கு உண்டு என்று அவர் கூறினார். தரையில் கிடக்கும் துரும்பு ஒன்றை எடுத்தாலும் அதைக் கடவுள்மீது கொண்ட அன்புக்காக எடுக்கலாம் என்பது அவர் கொள்கை. துரும்பிலும் இருப்பார் என்று நாம் சொல்லுகிறோம். அவர் துரும்பை எடுக்கும் செயலிலேயே கடவுளைக் கண்டார்!

1691-ஆம் ஆண்டு அவர் இறந்த பின், அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் குரு ஒருவர் தொகுத்து வெளியிட்டார். கடவுளின் பிரசன்னத்தில் வாழப் பழகுதல் என்னும் பொருள்படும் தலைப்பில் அத்தொகுப்பு இன்றும் பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சபைக் கிறிஸ்தவர்களும் அதைப் போற்றுகின்றனர். கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரசாவும் (1515-1582) சமையலறைப் பானைகளின் நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் சகோதரிகளுக்கு உணர்த்தினார்.

அறுந்த இழை

"நாமும் முயன்று பார்க்கிறோம், ஆனால் ஐந்து நிமிடத்தில் மனம் எங்கோ ஓடிவிடுகிறதே" என்று தோழியர் சிலர் சொல்லலாம். இதற்கு விடை நம் தெருவிலேயே இருக்கிறது. விசைத்தறி ஓட்டுபவரைப் பாருங்கள். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார், ஆயினும் கண் பாவு நூலின்மீதே இருக்கிறது. நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்துகிறார். நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். மீண்டும் தறியை ஓட்டுகிறார். இழை அறுந்துவிட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவதில்லை. ஒரே ஓர் இழைதானே என்று விட்டுவிடுவதும் இல்லை. விட்டால் துணியில் குறை நீண்டுகொண்டே போகும் என்பதை அவர் அறிவார்.

சகோதரர் லாரன்ஸ் செய்ததும் இதுவே. கடவுளை மறந்துவிட்டதை உணர்ந்தவுடன் அதை எளிமையாக ஏற்றுக்கொண்டு, கலக்கம் இல்லாமல் மீண்டும் அவரை நினைத்தார். பல ஆண்டுகள் முயன்ற பின்பே அது பழக்கமாயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ! மனம் அலைவது இயல்பு. அது அலைந்ததென்று சோர்ந்து முயற்சியைக் கைவிடுவதுதான் நமக்கு நட்டம்.

உணர்வு வற்றிய நாள்கள்

இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. செபிக்கும்போது நெஞ்சில் எந்த உணர்வும் இல்லாவிட்டால் கடவுள் நம்மை விட்டு அகன்றுவிட்டாரா? வீட்டில் கடன், அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மாவுக்கு நோய் என்ற நிலையில் ஒரு மாணவி கண்ணீருடன் செபித்தும் ஆறுதல் கிடைக்கவில்லை எனில், அவளுக்கு நாம் என்ன சொல்வோம்? "உன் விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிடலாகாது.

கல்கத்தா அன்னை தெரசாவை நினைப்போம். 1946-ஆம் ஆண்டு டார்ஜிலிங் செல்லும் இரயிலில் ஏழைகளுக்குப் பணிபுரிய இறைவன் அழைப்பதை அவர் உணர்ந்தார். ஆனால் அப்பணியைத் தொடங்கிய பின், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை உணர முடியாத இருளில் அவர் வாழ்ந்தார். அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியான கடிதங்கள்தாம் இதை உலகுக்கு அறிவித்தன. அந்த இருளிலும் ஒவ்வொரு நாளும் திருப்பலியில் பங்கேற்றார், செபித்தார், தெருவில் கிடந்தவர்களைத் தேடிச் சென்றார். திருச்சபை 2016-ஆம் ஆண்டு அவரைப் புனிதராக அறிவித்தது.

கேரள நாட்டுப் புனித அல்போன்சாவும் (1910-1946) நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளியில் சிறிது காலமே கற்பித்தார். துறவற வாழ்வின் பெரும்பகுதி நோயிலேயே கழிந்தது. பெரிய செயல் எதையும் செய்ய இயலாத படுக்கையில் அன்பு செய்தே அவர் புனிதரானார். 2008-இல் புனிதர் பட்டம் பெற்ற அவரே இந்தியாவின் முதல் பெண் புனிதர்.

கோடையில் காவிரியில் நீர் குறைந்து பாறைகள் தெரியும் நாள்கள் உண்டு. அதற்காக ஆறே இல்லை என்று நாம் சொல்வதில்லை. உணர்வு வரும், போகும். ஆண்டவரோ நம் உணர்வைச் சார்ந்து இருப்பவர் அல்லர்.

அயலாரிடம் ஆண்டவர்

அப்படியானால் நாம் மெய்யாகவே கடவுளின் பிரசன்னத்தில் வாழ்கிறோமா என்பதை எப்படி அறிவது? இயேசுவே அதற்கு அளவுகோல் தந்திருக்கிறார். பசித்தவருக்கும், தாகமுற்றவருக்கும், நோயாளிக்கும் செய்ததெல்லாம் தமக்கே செய்ததாகும் என்று புனித மத்தேயுவின் நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் அவர் போதிக்கிறார்.

நாம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் நின்றால், எழுந்து சென்று கைகொடுப்பதே அந்த வேளைக்குரிய செபம். ஏழைக்கு உதவுவதற்காகச் செபத்தை விட்டு எழுபவர் கடவுளை விட்டு அகல்வதில்லை, அவரிடமே செல்கிறார் என்று புனித வின்சென்ட் தே பவுல் (1581-1660) தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார். இரவு வேலை முடிந்து காலையில் உறங்கும் அண்ணனுக்காக வானொலியின் ஓசையைக் குறைப்பதும், வகுப்பில் யாரும் பேசாத பெண்ணின் அருகில் போய் உட்காருவதும் இதில் அடங்கும்.

நம் ஆற்றையும் இங்கே மறக்கலாகாது. சாயக் கழிவு காவிரியில் கலப்பது பல ஆண்டுகளாக நம் பகுதியின் வேதனையாக இருந்து வருகிறது. சாயத் தொழிலும் தறித் தொழிலும் நம் மக்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் நமக்குக் கீழே உள்ள ஊர்களில் அதே நீரைக் குடிப்பவரும், அதே நீரால் பயிர் செய்பவரும் நம் அயலார் அல்லரோ? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், இவ்வுலகம் நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்றும், அதன் சீரழிவால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்றும் எடுத்துரைத்தார். எங்கும் நிறைந்த கடவுளை வணங்கிக்கொண்டே, ஆற்றில் மட்டும் அவர் இல்லாததுபோல நடந்துகொள்வது முரண்பாடு ஆகும். கழிவு நீரைச் சுத்திகரித்து வெளியேற்றுவது சட்டத்தின் கடமை மட்டுமன்று, விசுவாசத்தின் கடமையும் ஆகும்.

ஒரு நாளின் பயிற்சி

இதற்காக நேரம் ஒதுக்க முடியாதவர் யாரும் இல்லை. நாம் கைக்கொள்ளக் கூடிய எளிய முறை இதோ:

1. கண் விழித்தவுடன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய நாளில் செய்யவிருக்கும் வேலைகளைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம். "இன்று கணக்குத் தேர்வு, மாலையில் துணி துவைக்க வேண்டும்" என்று சொன்னாலே போதும்.

2. ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் மனத்திற்குள் ஒரு சிறு வார்த்தை சொல்வோம். "இயேசுவே, உமக்காக" என்பது போல் அது சுருக்கமாக இருக்கட்டும்.

3. நண்பகலில் மூவேளைச் செபத்தை மறவாதிருப்போம். நாசரேத்துக்கு வந்த செய்தியை அது நம் வேலையின் நடுவே நினைவூட்டுகிறது.

4. இரவில் ஐந்து நிமிடம் ஆன்மச் சோதனை செய்வோம். புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறைப்படி முதலில் நன்றி சொல்லி, பின்பு நாளைத் திரும்பிப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு அருள் வேண்டுவோம். பிழைகளை எண்ணுமுன் நன்மைகளை எண்ணுவது இதன் சிறப்பு. யாரிடம் இன்று ஆண்டவர் நம்மைச் சந்திக்க வந்தார் என்பதையும் அப்போது கேட்டுக்கொள்வோம்.

முடிவுரை

இயேசு அணிந்திருந்த அங்கி தையல் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்தது என்று புனித அருளப்பர் எழுதியிருக்கிறார். சிலுவையடியில் நின்ற போர்வீரர்களுக்குக்கூட அதைக் கிழிக்க மனம் வரவில்லை. நெசவின் அருமை தெரிந்த ஊரில் வாழும் நாம், நம் நாள்களையும் அவ்வாறே நெய்வோம். செபம் ஒரு துண்டு, படிப்பு ஒரு துண்டு, வீட்டு வேலை ஒரு துண்டு என்று வெட்டித் தைக்காமல், இறையன்பு என்னும் ஒரே பாவில் எல்லாவற்றையும் ஊடையாகச் சேர்ப்போம். இழை அறும், முடிச்சுப் போடுவோம். தறியோசை ஓயாது, அதன் நடுவே ஆண்டவர் நம்மோடு இருக்கிறார். தோழியரே, இன்று மாலை வீடு திரும்பியதும் கையில் எடுக்கும் முதல் வேலையிலிருந்தே தொடங்குவோமாக!